விளக்கு எரியுது, கார் ஓடல!

கேள்வி: விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கேரியர் செய்யும் சிறு பட்டறை எங்களுடையது, சார். சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா தன் பழைய பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலரைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பிளேஸ்டேஷன் எங்களிடம் இல்லை. பட்டறைக் கணக்கு பார்க்கும் விண்டோஸ் கணினிதான் உண்டு. செல்போன் சார்ஜர் ஒயரில் செருகினால் கன்ட்ரோலரில் விளக்கு எரிகிறது, கணினி கண்டுகொள்வதில்லை. புளூடூத்தில் ஒருமுறை எப்படியோ சேர்ந்தது. அப்போதும் ஒரு கேமில் வேலை செய்தது, இன்னொன்றில் செய்யவில்லை. வேலை செய்ததிலும் கார் தானாக இடது பக்கம் இழுக்கிறது. ‘தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு’ என்கிறான் தம்பி. வாங்கட்டுமா?

- வாசகர், விருத்தாசலம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இதில் மூன்று கோளாறுகள் இருக்கின்றன. முதல் இரண்டுக்கும் கன்ட்ரோலர் பொறுப்பே இல்லை.

முதலில் ஒயர். யுஎஸ்பி ஒயருக்குள் மின்சாரத்துக்கு இரண்டு கம்பி, தகவலுக்கு இரண்டு கம்பி. மலிவான சார்ஜர் ஒயர் பலவற்றில் பின்னது இரண்டும் கிடையாது. அதனால்தான் விளக்கு மட்டும் எரிகிறது. செல்போனிலிருந்து கணினிக்குப் படம் ஏற்ற உதவும் மைக்ரோ யுஎஸ்பி ஒயர் எதையாவது போட்டுப் பாருங்கள். ஒயர் இல்லாமல் சேர்க்க, ஷேர் பட்டனையும் நடுவிலுள்ள பிஎஸ் பட்டனையும் ஒன்றாக, விளக்கு வேகமாகச் சிமிட்டும் வரை அழுத்திப் பிடியுங்கள். புளூடூத் பட்டியலில் ‘வயர்லெஸ் கன்ட்ரோலர்’ என்று வரும்.

அடுத்தது பாஷைத் தகராறு. 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது, கணினிக்கும் அதன் கன்ட்ரோலருக்கும் பொதுவாக மைக்ரோசாஃப்ட் ‘எக்ஸ்இன்புட்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. பிறகு வந்த கணினி கேம்களில் பெரும்பாலானவை அதைத்தான் எதிர்பார்க்கின்றன. சோனியின் கன்ட்ரோலர் பேசுவது வேறு. நடுவில் மொழிபெயர்க்க ஓர் ஆள் வேண்டும். ஸ்டீம் என்ற கேம் தளத்தில் அது 2016 முதலே இருக்கிறது. செட்டிங்ஸில் கன்ட்ரோலர் பகுதியில் பிளேஸ்டேஷனுக்கான ஆதரவை இயக்கினால் போதும். ஸ்டீமுக்கு வெளியே உள்ள கேம்களுக்கு ‘டிஎஸ்4விண்டோஸ்’ என்ற இலவச மென்பொருள். இரண்டையும் சேர்த்து ஓட விடாதீர்கள், ஒரு அழுத்து இரண்டாகப் பதியும். திரையில் ‘ஏ’ என்று வந்தால் உங்கள் கையில் பெருக்கல் குறி. ‘பி’ என்றால் வட்டம்.

இனி கார் இழுப்பது. பழைய ரேடியோவில் வால்யூம் குமிழைத் திருகினால் கரகரக்கும், நினைவிருக்கிறதா? அந்தக் குமிழுக்குள் இருக்கும் அதே சமாச்சாரம்தான் கன்ட்ரோலர் குச்சிக்கு அடியிலும் இருக்கிறது. கரிப்பூச்சுத் தடத்தின் மேல் ஒரு சிறு உலோக நாக்கு உரசிக்கொண்டே இருக்கும். தடம் தேய்ந்தாலோ தூசு புகுந்தாலோ, தொடாத குச்சியைத் தொட்டதாகக் கணினி நம்பும். களிமண் மாவு பறக்கும் பட்டறையில் இந்தக் கன்ட்ரோலர் எங்கே கிடக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு அதில்தான் சந்தேகம். ஒன்று சொல்லிவிடுகிறேன்: கிளேஸ் அடிக்கும் கம்ப்ரஸரை எடுத்து ஊதிவிடாதீர்கள்! அந்த வேகமும் காற்றோடு வரும் ஈரமும் எண்ணெயும் தூசைவிட மோசம். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் கிடைக்கும். கன்ட்ரோலரை அணைத்துவிட்டு, குச்சியின் அடியில் ஒரு சொட்டு விட்டு, பத்து இருபது தடவை சுழற்றி, நன்றாகக் காயவிடுங்கள்.

அப்படியும் இழுத்தால் ஸ்டீமில் ‘டெட்சோன்’ அளவைக் கொஞ்சம் கூட்டுங்கள். நடுவில் குச்சியின் சிறு அசைவைக் கணினி பொருட்படுத்தாது. ரொம்பக் கூட்டினால் ஸ்டீயரிங் மந்தமாகும். கடைசி வழி குச்சியையே மாற்றுவது. 14 இடத்தில் ஈயத்தை உருக்கி எடுக்க வேண்டும், செல்போன் ரிப்பேர்காரர் கை தேர்ந்தவராக இருந்தால் செய்துவிடுவார். மாற்றுவதானால் ‘ஹால் எஃபெக்ட்’ குச்சியாகக் கேளுங்கள். காந்தத்தை வைத்து அளப்பதால் அங்கே உரசித் தேயத் தடமே கிடையாது. 1998இல் வந்த சேகா டிரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலேயே இது இருந்தது. அதற்குப் பின்னும் பெரிய கம்பெனிகள் ஏன் கரித்தடத்தைக் கட்டிக்கொண்டு அழுதன என்று கேட்டால், விலை மலிவு என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

கார், கால்பந்து, சண்டைக்கு இந்தக் கன்ட்ரோலர் தாராளம். குறிபார்த்துச் சுடுவதற்கு மவுஸ்தான் கை கொடுக்கும். வலோரன்ட் என்ற சுடும் கேமின் கணினிப் பதிப்பு கன்ட்ரோலரை ஏற்பதே இல்லை. தம்பி அதை ஓட்டிக்காட்டி ‘பார், இது கெட்டுப்போச்சு’ என்றால் பர்ஸைத் திறக்காதீர்கள்.