பலமான தலைவரைத் தேடும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இந்த நாட்டுக்கு வேண்டியது ஒரு பலமான தலைவர்தான், பாராளுமன்றத்தில் அவரை மறிக்க ஆளில்லாமல் இருந்தால்தான் எதையாவது செய்து முடிப்பார் என்று எழுதியிருந்தாய். கம்பஸில் உன் நண்பர்களும் அப்படித்தான் சொல்கிறார்களாம். 2022இல் எரிபொருள் வரிசையில் காய்ந்த பிள்ளைகள் அப்படி நினைப்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் இந்தத் தேடல் உங்களோடு தொடங்கவில்லை. இலங்கை அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பலமான தலைவரைத் தேடி வருகிறது. அதற்காகத் தேர்தல் முறையையே மாற்றியும் பார்த்தது. அந்தக் கதையைக் கேட்டுவிட்டு நீ முடிவெடு.

சுதந்திரத்தின்போது எங்களுக்கு வாய்த்தது தொகுதி முறை. ஒரு தொகுதியில் ஆகக் கூடிய வாக்கு எடுத்தவர் வென்றார். மற்ற வாக்குகளுக்குக் கணக்கில்லை. 1960 ஜூலைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 37 சதவீதத்துக்கு மேல் வாக்கு விழுந்தது, கிடைத்த ஆசனம் 30. அதைவிடக் குறைந்த வாக்கு எடுத்த ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 75 ஆசனம். 1970இலும் இதே கதை: வாக்கில் ஐ.தே.க. ஒரு சதவீதம் முன்னே நின்றது, ஆசனத்தில் 17க்கு 91 என்று தோற்றது. 1977இல் காற்று மற்றப் பக்கம் அடித்தது. ஜே. ஆர். ஜெயவர்தனவின் ஐ.தே.க. ஏறத்தாழ 51 சதவீத வாக்குக்கு 168 ஆசனங்களில் 140ஐ அள்ளியது. நாடு முழுக்க முப்பது சதவீதத்தை நெருங்கிய சுதந்திரக் கட்சிக்கு எட்டே ஆசனம். ஆறு சதவீதத்துச் சொச்சம் எடுத்த தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18 கிடைத்து, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். மக்கள் மனம் மாறிய அளவுக்கு மேலாக ஆசனங்கள் புரண்டதைக் கவனி. ஆசனத்தைப் பார்த்து ‘நாடே இவர் பின்னால்’ என்று சொல்வது பிழை.

ஜே. ஆருக்கு ஒரு பயம் இருந்தது. அது வெறும் பதவி ஆசையால் வந்த பயம் என்று நான் சொல்லமாட்டேன். 1964 டிசம்பரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம், சி. பி. டி சில்வாவும் கூட்டாளிகளும் கட்சி தாவியதால், ஒரேயொரு வாக்கால் கவிழ்ந்தது. இப்படிக் கவிழும் ஆட்சியை வைத்துக்கொண்டு ஏழை நாடு முன்னேறாது, குறித்த காலத்துக்கு அசைக்க முடியாத நிறைவேற்று அதிகாரம் வேண்டும் என்று 1966லேயே விஞ்ஞானச் சங்கக் கூட்டம் ஒன்றில் அவர் பேசியிருந்தார். 1977இல் ஆறில் ஐந்து பங்கு ஆசனம் கையில் வந்ததும் அதைச் செய்தார். 1978 பெப்ரவரியில் நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதியானார்; செப்டெம்பரில் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது.

அதே யாப்பில் பாராளுமன்றத்துக்கு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தையும் கொண்டுவந்தார். வாக்குக்கேற்ற ஆசனம் என்றால் இனி யாருக்கும் யாப்பை மாற்றத் தேவையான மூன்றில் இரண்டு பெரும்பான்மை எளிதில் கிடைக்காது. ஆகவே அவர் கட்டிய யாப்பையும் யாரும் எளிதில் கலைக்க முடியாது.

அந்த விகிதாசார முறையில் 1989 வரை ஒரு பொதுத்தேர்தலும் நடக்கவில்லை. ஏன் என்பதை நான் நேரில் கண்டவன், ஏனென்றால் என் முதல் வாக்கே அதற்குத்தான். 1982 டிசம்பர் 22ஆம் திகதி நடந்த சர்வசன வாக்கெடுப்பு. கையில் தந்த சீட்டில் வேட்பாளர் பெயர் ஒன்றுமில்லை. இரண்டு படங்கள் மட்டும்: விளக்கு, குடம். விளக்குக்குப் புள்ளடி இட்டால் 1977இன் பாராளுமன்றம் தேர்தலில்லாமல் இன்னும் ஆறு வருடம் இருக்கும்; குடத்துக்கு இட்டால் தேர்தல் வரும். நான் குடத்துக்கு இட்டேன். யாழ்ப்பாண மாவட்டமும் குடத்துக்கே பெருவாரியாக இட்டது. நாடு முழுவதையும் கூட்டியபோது ஏறத்தாழ 55 சதவீதத்தோடு விளக்கு வென்றது. ஆளும் கட்சி எம்.பி.க்களிடம் ஜே. ஆர். திகதியிடாத இராஜினாமாக் கடிதங்களை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார். மறிக்க ஆளில்லாத தலைவரைக் கேட்கிறாயே, அவர் இப்படித்தான் இருந்தார். எட்டு மாதம் கழித்து, 1983 ஆகஸ்டில், அதே பாராளுமன்றம் ஆறாவது திருத்தத்தை நிறைவேற்றியது. பிரிவினையைக் கைவிடும் சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்த எங்கள் தமிழ் உறுப்பினர்கள் ஆசனம் இழந்தார்கள். முந்தின மாதம் கறுப்பு ஜூலை இனக்கலவரத்தில் எரிந்த தமிழர் வீடுகள் அப்போது சாம்பலாகவே கிடந்தன.

மூன்றில் இரண்டு கிடைத்தவர்கள் அதை எதற்குச் செலவழித்தார்கள் என்று வரிசையாகப் பார். 1970இல் ஐந்து வருடத்துக்குத் தெரிவான பாராளுமன்றம், 1972 யாப்பின் மூலம் தன்னை 1977 வரை நீட்டிக்கொண்டது. 1982 உனக்குச் சொன்னேன். 2010இல் மகிந்த ராஜபக்ச பதினெட்டாவது திருத்தத்தால் இரண்டு தவணைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். 2020இல் கோட்டாபய ராஜபக்ச இருபதாவது திருத்தத்தால் ஜனாதிபதியின் கையில் அதிகாரத்தைத் திரும்பவும் குவித்தார். ஒவ்வொரு முறையும் கிடைத்த பலத்தின் முதற்பங்கு நாற்காலிக்கே போயிற்று. இனப்பிரச்சினைக்கு நிலையான தீர்வு எதுவும் அந்தப் பலத்தால் எங்கள் பக்கம் வரவில்லை.

மற்றப் பக்கத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். 1994இல் சந்திரிகா குமாரதுங்க 62 சதவீதத்துக்கு மேல் வாக்கெடுத்து ஜனாதிபதியானார். 2000 ஆகஸ்டில் அதிகாரப் பகிர்வுடன் ஒரு யாப்பு வரைவைச் சபைக்குக் கொண்டுவந்தார். அவரிடம் மூன்றில் இரண்டு இல்லை. எதிர்க்கட்சியினர் சபைக்குள்ளேயே அதைக் கொளுத்தினார்கள். வாக்கெடுப்புக்குப் போகாமலே அது முடிந்தது. ஆசனம் இல்லாவிட்டால் நல்ல காரியமும் நின்றுபோகும் என்ற உன் வாதத்துக்கு இது சான்றுதான். ஆனால் மனம் இருந்தவரிடம் ஆசனம் இருக்கவில்லை, ஆசனம் இருந்தவர்களிடம் மனம் இருக்கவில்லை. மனத்தைத் தேர்தல் முறையால் உண்டாக்க முடியாது.

மறிக்க ஆளில்லாததால் வந்த விளைவை உன் தலைமுறையே அனுபவித்தது. 2021 ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. வேளாண் விஞ்ஞானிகளும் விவசாயிகளும் கத்தினார்கள். அந்தச் சத்தத்தை மேலே கொண்டுபோக அமைச்சரவையிலும் சபையிலும் தைரியமான ஆளில்லை. நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது பெரும்போக விதைப்புக் காலம் நடந்துகொண்டிருந்தது. அடுத்த ஜூலையில் ஜனாதிபதி கோட்டாபய நாட்டைவிட்டே போனார்.

ஆட்சி கவிழ்ந்துவிடும் என்ற ஜே. ஆரின் பயத்துக்கு வேறு மருந்து இருந்தது. ஜெர்மனியின் 1949 அடிப்படைச் சட்டப்படி, அடுத்த சான்சலரைத் தெரிவுசெய்யாமல் இருக்கிற சான்சலரைப் பாராளுமன்றம் வீட்டுக்கு அனுப்ப முடியாது. 1982இல் ஹெல்முட் ஷ்மிட்டை இறக்கி ஹெல்முட் கோலை ஏற்றியபோது மட்டும்தான் அது வெற்றிகரமாகப் பயன்பட்டது. ஆட்சியும் நிலைத்தது, தலைவரும் சபைக்குக் கட்டுப்பட்டே இருந்தார். எங்களுக்கு இதுதான் பொருந்தியிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இனி உன் கையில் இருப்பதற்கு வருகிறேன். ஜனாதிபதித் தேர்தலில் நீ 1, 2, 3 என்று மூவரை வரிசைப்படுத்தலாம். முதல் எண்ணிக்கையில் யாரும் பாதியைத் தாண்டாவிட்டால் முதல் இருவர் தவிர மற்றவர்கள் விலக்கப்படுவார்கள். விலக்கப்பட்டவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் அடுத்த விருப்பம் யாருக்கு என்று பார்ப்பார்கள். 1982 முதல் 2019 வரை அது தேவைப்படவில்லை. 2024 செப்டெம்பரில்தான் முதன்முறை தேவைப்பட்டது: அநுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 சதவீதம், சஜித் பிரேமதாசவுக்கு 32.76. மற்றவர்களுக்கு முப்பத்துமூன்று இலட்சம் அளவில் வாக்குகள் விழுந்திருந்தன. அவற்றுள் இந்த இருவரில் ஒருவருக்கு இரண்டாம் அல்லது மூன்றாம் விருப்பம் குறித்திருந்தவை மூன்று இலட்சம்கூட இல்லை. மிச்ச முப்பது இலட்சம் பேர், யார் வெல்வது என்ற கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாமலே வீடு திரும்பினார்கள். நீயும் ஒரு புள்ளடியோடு வந்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய்.

வாக்கு பயன்படாமல் போனதற்கு எங்கள் பக்கத்தில் பழைய வடு உண்டு. 2005இல் வடக்கில் வாக்களிக்க வேண்டாம் என்று தடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் சாவடிக்குப் போனார்கள். இரண்டு இலட்சத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில் மகிந்த ராஜபக்ச ஜனாதிபதியானார். அதன் பிறகு நடந்ததை உனக்குச் சொல்லவேண்டியதில்லை.

2024 நவம்பர் பொதுத்தேர்தலில் அநுரவின் தேசிய மக்கள் சக்திக்கு 225இல் 159 ஆசனம். மூன்றில் இரண்டுக்கு 150 போதும். யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறில் மூன்றும் அவர்களுக்கே. நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்போம் என்று அவர்கள் வாக்குறுதி தந்தார்கள். நீ கேட்ட பலம் வந்துவிட்டது. இனி அதை எதற்குச் செலவழிக்கிறார்கள் என்று ஒவ்வொரு வருடமும் கேள். உங்கள் மாவட்ட உறுப்பினருக்குக் கடிதம் எழுதிக் கேள். பதில் வராவிட்டால் திரும்பவும் எழுது.

அடுத்த ஜனாதிபதித் தேர்தலில் புள்ளடி போடாதே. 1 என்று எழுது, பிறகு 2, விரும்பினால் 3. அம்மம்மாவுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் மாதிரிச் சீட்டில் எழுதிக் காட்டிக்கொடு.

அன்புடன்,
பெரியப்பா