முதலாவது பழைய மோட்டார் சைக்கிள்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

"நானா, பழைய பைக் ஒன்று எடுக்கலாமென்று இருக்கிறேன். எது நல்லம்?" சென்ற மாதம் கடைக்கு வந்த இளம் வியாபாரி ஒருவர் கேட்டார். இப்படிக் கேட்பவர்கள் இப்போது அதிகம். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய வாகனங்களின் விலை ஏறியது. மூலையில் கிடந்ததற்கெல்லாம் மதிப்பு வந்தது. 2025 இல் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்ட பிறகும் இந்த ஆசை குறைந்ததாகத் தெரியவில்லை.

நான் அவரிடம் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். ஓடுவதற்கா, திருத்துவதற்கா, விற்பதற்கா? மூன்றுக்கும் சேர்த்து ஒரே பைக் தேடினால் கடைசியில் ஒன்றுக்கும் உதவாது. நானும் அப்படித் தேடித்தான் ஏமாந்தேன்.

பல வருடங்களுக்கு முன் பீ.எஸ்.ஏ. பேன்டம் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினேன். பாதி பைக்காகவும் பாதி இரண்டு பெட்டிகளிலுமாக இருந்தது. விலையும் பாதிதான். "எல்லாச் சாமானும் இருக்கிறது, பூட்டினால் ஓடும்" என்றார் விற்றவர். பதிவுப் புத்தகத்தை வீட்டில் வைத்துத்தான் ஆறுதலாகப் பார்த்தேன். எஞ்சினில் அடித்திருந்த இலக்கம் ஒன்று, புத்தகத்தில் இருந்தது வேறொன்று. பதிவில் இருந்த உரிமையாளர் மௌத்தாகி, பிள்ளைகள் வெளிநாட்டில். எனக்குத் தந்தது திகதியிடாத, கையொப்பம் மட்டும் வைத்த ஒரு படிவம். பெருநாள் சரக்குக்கென்று ஒதுக்கிய காசு இரண்டு வருடம் மாடிப்படியின் கீழ் தூசு பிடித்துக் கிடந்தது. கடைசியில் சாமான் விலைக்குக் கொடுத்தேன். ஓடாத சரக்கை அலுமாரியில் வைக்காதே என்று அடுத்தவருக்குச் சொல்லும் நான் செய்த வேலை இது!

ஆகவே முதலில் பைக்கைப் பார்க்காதீர்கள், புத்தகத்தைப் பாருங்கள். சேசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். இலக்கம் அடித்த இடத்தில் அராவிய அடையாளமோ புதுப் பெயிண்டோ இருந்தால் அத்தோடு திரும்பி விடுங்கள். பதிவு உரிமையாளர் உயிரோடு இருக்கிறாரா, நேரில் வந்து கையொப்பம் வைப்பாரா? லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் புத்தகத்தில் நிற்கிறதா? வருமான அனுமதிப்பத்திரம் எத்தனை வருடம் புதுப்பிக்கப்படவில்லை, நிலுவை எவ்வளவு என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டு, அதையும் விலையில் கழித்துப் பேசுங்கள். 'ஸ்ரீ' இலக்கத் தகடு இருக்கிறது என்று சிலர் மேலதிகமாகக் கேட்பார்கள். தகடு அழகுதான், ஆனால் புத்தகம் இல்லாத தகடு வெறும் தகரம்.

'விண்டேஜ்' என்ற சொல்லுக்கும் காசு கொடுக்க வேண்டாம். பிரித்தானியாவின் பழைய மோட்டார் சைக்கிள் கழகத்தார் 1930 வரை செய்தவற்றுக்குத்தான் அந்தப் பெயரைச் சொல்வார்கள். நமது விளம்பரங்களில் 1980களின் ஹொண்டாவும் விண்டேஜ்தான்.

இனி எது என்ற கேள்விக்கு வருவோம். பேன்டம் 1948 இல் வந்தது. ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. ஆர்.டி. 125 இன் வரைபடத்தை, யுத்தத் தோல்விக்கு ஈடாகப் பெற்றுச் செய்த வண்டி. முதல் மாடல் 123 சீ.சீ., மூன்று கியர். எஞ்சின் எளிமையானது. பெட்ரோலோடு ஒயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். ஆனால் 1971 இல் உற்பத்தி நின்றுவிட்டது. சாமானை பிரித்தானியாவிலிருந்து எடுப்பிக்கலாம், ஆனால் காத்திருக்க வேண்டும், தீர்வையும் கட்ட வேண்டும். நட்டுகளோ ஆங்கில அளவு. நமது பாஸ்மார் மில்லிமீற்றர் ஸ்பெனரைப் போட்டு மூலைகளைத் தேய்த்து விடுவார்கள். இன்னொன்று, கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஜப்பான் பைக்கில் பழகியவர் அவசரத்தில் பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பார். வெறும் மைதானத்தில் நன்றாகப் பழகாமல் பாதைக்கு எடுக்கக் கூடாது.

முதல் பைக்காக நான் சொல்வது ஹொண்டா கப் வகை. 1958 இல் சூப்பர் கப் வந்தது. 2017 இல் மொத்த உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது. சி. 50, சி. 70, சி. 90 ஆகியவற்றோடு, ஜப்பான் தபால்காரர்களுக்கென்று செய்த எம்.டி. 90 உம் ரீகண்டிஷனாக இங்கு நிறைய வந்தது. கிளச் பிடி இல்லை, எஞ்சின் சிறியது, பஞ்சிகாவத்தையில் ஒரு சுற்றுச் சுற்றினால் அநேகமான சாமான் கைக்கு வரும். பழைய மாடல்கள் 6 வோல்ட் என்பதால் இரவில் வெளிச்சம் மங்கல். அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

பார்க்கப் போவதென்றால் காலையில், முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வரமுன் யாரோ இயக்கி வைத்திருக்கிறார்கள். கப் போன்ற நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் நீலப் புகை தொடர்ந்து வந்தால் ரிங் அல்லது வால்வுப் பக்கம் செலவு இருக்கிறது. பேன்டத்தில் சிறிது புகை இயல்பு. சட்டைப் பையில் ஒரு காந்தம் கொண்டு போங்கள். டாங்கியிலோ மட்காட்டிலோ காந்தம் ஒட்டாத இடத்தில் பெயிண்டின் கீழ் இருப்பது இரும்பல்ல, பூசிய பசை. டாங்கிக்குள் டோர்ச் அடித்துத் துருவைப் பாருங்கள். கப்பின் சேசி தகட்டை அழுத்திச் செய்தது. கரையோர ஊர்களில் ஓடிய வண்டியாயின் குனிந்து அடிப்பக்கத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். எஞ்சினைப் புதுப்பிப்பது சுலபம், அழுகிய சேசியை ஒட்டுவது சுலபமல்ல.

திருத்த விரும்புபவர் ஒரு தனிக் கொப்பி வையுங்கள். கடைக் காசையும் பைக் காசையும் கலக்கக் கூடாது. எஞ்சினை விட பெயிண்டும் குரோம் பூச்சும்தான் காசைத் தின்னும், அவற்றைக் கடைசிக்கு விடுங்கள். முதலில் பிரேக், டயர், வயரிங். பழைய பெயிண்ட் மங்கியிருந்தாலும் ஒரிஜினலாயின் விட்டுவிடுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம். என் சி. 90 ஐ மகன் சிவப்படிக்கக் கேட்கிறான், நான் விடவில்லை.

மேலே சொன்ன இளைஞர் இப்போது குருநாகலில் ஒரு சி. 70 பார்த்து வைத்திருக்கிறார். எஞ்சின் நல்லதாம். புத்தகத்தில் இருப்பது விற்பவரின் பெயரல்லவாம். அந்தப் பெயருக்குரியவர் முன்னால் வந்து கையொப்பம் வைக்கும் வரை முற்பணம் ஒரு சதமும் கொடுக்க வேண்டாமென்று சொல்லியிருக்கிறேன்.