கீழடிப் பானையும் நானோமீட்டர் அளவும்

மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், வைகைக்கு அருகே உள்ள சிற்றூர் கீழடி. அங்கு 2014-15-இல் தொடங்கிய அகழாய்வில் ஏராளமான பானை ஓடுகள் கிடைத்தன. அவற்றுள் சிலவற்றின் உட்புறத்தில் கருநிறப் பூச்சு உண்டு. சுமார் 2,500 ஆண்டுகள் மண்ணுள் கிடந்தும் அப்பூச்சு உரிந்துவிடவில்லை. காரணம் என்ன?

வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் முதலியோர் அப்பூச்சை ஆராய்ந்து, 2020-இல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டனர். அதில் கார்பன் அணுக்களாலான நுண்குழாய்கள் இருந்தன. ஒற்றைச் சுவர்க் குழாயின் சராசரி விட்டம் 0.6 நானோமீட்டர். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. இத்துணைச் சிறிய பொருளை எங்ஙனம் அளப்பது?

நம் பள்ளி ஆய்வகத்து நுண்ணோக்கி இதற்கு உதவாது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். எனவே சுமார் 200 நானோமீட்டருக்கும் குறைந்த இடைவெளியை அது பிரித்துக் காட்டாது. எலெக்ட்ரான் கற்றையின் அலைநீளமோ மிகமிகக் குறைவு. 2,00,000 வோல்ட் அழுத்தத்தில் 0.0025 நானோமீட்டர்தான். இதைப் பயன்படுத்தி, ஜெர்மனியில் ருஸ்கா, நோல் என்னும் இருவர் 1931-இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியை அமைத்தனர். ருஸ்காவுக்கு 1986-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அளக்கும் முறை

பொதுவாக, பொருளைச் சிறிதளவு சுரண்டி ஆல்கஹாலில் கலக்குவர். அதில் ஒரு துளியை, 3 மில்லிமீட்டர் அகலமுள்ள செப்பு வலைத்தட்டில் இட்டு உலர்த்துவர். வெற்றிடத்தில் எலெக்ட்ரான்கள் அதனை ஊடுருவிச் சென்று படத்தை உருவாக்கும். படத்தின் ஓரத்தில் அளவுகோடு ஒன்று இருக்கும்.

எடுத்துக்காட்டாக, 5 நானோமீட்டரைக் குறிக்கும் கோடு படத்தில் 20 மில்லிமீட்டர் நீளமுள்ளது எனக் கொள்வோம். குழாயின் அகலம் படத்தில் 2.4 மில்லிமீட்டர். எனவே விட்டம் = 5 × 2.4 ÷ 20 = 0.6 நானோமீட்டர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் அளவுகோல் அரை மில்லிமீட்டர் பிசகினால் விடை 0.125 நானோமீட்டர் மாறிவிடும். அதாவது ஐந்தில் ஒரு பங்கு தவறு! ஆகவேதான் ஒரே குழாயை அளந்து முடிவு கூறலாகாது. பலவற்றை அளந்து சராசரி காண வேண்டும். விலகலையும் உடன் எழுத வேண்டும். கீழடி ஆய்வாளர்கள் 0.6 ± 0.05 என்று குறித்தது இதனால்தான். அளவுகோடு சரிதானா என்பதையும், அணு அடுக்குகளின் இடைவெளி நன்கு தெரிந்த பொன் போன்ற பொருளைக் கொண்டு சோதிப்பர்.

பானையில் தாவரச் சாறு பூசப்பட்டு, சூளையின் கடும் வெப்பத்தில் இக்குழாய்கள் உருவாகியிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. அதனால் நம் முன்னோர் நானோ அறிவியலை அறிந்திருந்தனர் என்று கூறிவிட முடியாது. அவர்கள் அறிந்தது மண்ணும் நெருப்பும் கைப்பழக்கமும். உள்ளே நிகழ்ந்ததை அளந்து அறிந்தது நம் காலம். இரண்டையும் உள்ளபடி மதிப்பதே அறிவியல் மாணவிக்கு அழகு.