எந்தக் குறையை முதலில் தீர்ப்பது?
கற்போரின் கருத்துகளை வாக்கினால் வரிசைப்படுத்துதல் – குழுவாகப் படிப்பதற்கான பாடம்

பயிற்சியின் கடைசி நாளில், "பாடம் எப்படி இருந்தது?" என்று கேட்கிறார்கள். "நல்லா இருந்துச்சுங்க" என்று எல்லோரும் சொல்லுகிறோம். பிறகு வீட்டுக்குப் போகும் வழியில், "பாதி விளங்கவே இல்லை" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுகிறோம். கேட்டவர் முன்னால் குறை சொல்லாதது மரியாதைதான். ஆனால் அந்த மரியாதையால் அடுத்த பாடம் திருந்துவதில்லை. விளங்காத பாடமே அடுத்த குழுவுக்கும் போய்ச் சேருகிறது.

இன்று மரக்கறிச் செய்கை, கோழி வளர்ப்பு, தையல், கணக்கு எழுதுதல் எனப் பல பாடநெறிகள் கைத்தொலைபேசி வழியாக நம்மிடம் வருகின்றன. 2020 மார்ச் மாதத்தில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது இம்முறை நாடெங்கும் பரவியது. சிக்னல் தேடி மலையகப் பிள்ளைகள் பாறைமேலும் மரத்தின்மேலும் ஏறியதை நாம் மறக்கவில்லை. பாடம் தயாரித்தவர்கள் பாடத்தைத்தான் பார்த்தார்கள். பிள்ளை ஏறிய பாறை அவர்கள் கண்ணில் படவில்லை. அதைச் சொல்லக்கூடியவர் கற்பவர் ஒருவரே.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது இன்னும் முக்கியமாகும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகள் மலைநாட்டில் பல குடும்பங்களை வீட்டையும் நிலத்தையும் விட்டு வெளியேறச் செய்தன. பழைய இடத்தில் எந்தச் சரிவில் எது விளையும் என்பதைத் தலைமுறை அனுபவம் சொல்லித் தந்தது. புதிய இடத்தில் அந்த அனுபவம் பாதிதான் கைகொடுக்கும். மீதியைப் படித்தே அறிய வேண்டியுள்ளது. ஆகவே பாடம் நம் நிலைமைக்குப் பொருந்தாவிட்டால் ஒரு போகமே வீணாகிவிடலாம்.

வாக்கு ஏன்?

ஒரு பாடநெறியைப் பற்றி 20 பேர் கருத்துச் சொன்னால் 20 குறைகள் வரும். நடத்துகிறவரால் அத்தனையையும் ஒரே வாரத்தில் திருத்த முடியாது. எதை முதலில் செய்வது என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஒருவர் சொன்ன கருத்தை மற்றவர்களும் பார்த்து, "எனக்கும் இதே கஷ்டம்தான்" என்று வாக்கிட்டால், அதிகம் பேரைப் பாதிக்கும் குறை மேலே வருகிறது. உலகின் பெரிய இணையவழிப் பாடநெறிகளிலும் கற்போரின் கேள்விகளையும் கருத்துகளையும் இப்படி வரிசைப்படுத்தும் வழக்கம் உண்டு.

இதற்குக் கணினிதான் வேண்டும் என்பதில்லை. 1980களின் இறுதியிலும் 1990களிலும் இந்தியாவில் மைராடா முதலான நிறுவனங்களும், இங்கிலாந்தைச் சேர்ந்த ரொபர்ட் சேம்பர்ஸ் போன்றோரும் வளர்த்த 'பங்கேற்பு முறை' கிராம மதிப்பீட்டில் விதைகளும் கற்களும் வாக்குகளாயின. எழுத்து வாசிக்கத் தெரியாதவரும் விதை போடலாம். அந்த முறையையே கைத்தொலைபேசிப் பாடநெறிக்கும் பயன்படுத்தலாம்.

செய்யும் முறை

1. பாடநெறி முடியும்வரை காத்திருக்க வேண்டாம். எட்டு வாரப் பாடநெறியானால் மூன்றாம் வாரத்திலேயே கூடுங்கள். கடைசியில் சொன்னால் நம் குழுவுக்குப் பயன் கிடையாது.

2. ஒவ்வொருவரும் ஒரு குறையையோ தேவையையோ சொல்லட்டும். பேசத் தயங்குகிறவர் பக்கத்தில் இருப்பவர் மூலம் சொல்லலாம். ஒரே கருத்து இரண்டு விதமாக வந்தால் ஒன்றாகச் சேருங்கள்.

3. ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு சிரட்டை வையுங்கள். எழுத்தோடு ஒரு படமோ பொருளோ சேர்த்து அடையாளம் இடுங்கள்.

4. ஆளுக்கு மூன்று விதை கொடுங்கள். ஒரு சிரட்டையில் ஒருவர் ஒரு விதைக்கு மேல் போடக்கூடாது.

5. ஒருவர் போடுவதை மற்றவர் பாராதபடி சிரட்டைகளை மறைவில் வையுங்கள்.

6. எல்லோர் முன்னிலையிலும் எண்ணி, வரிசையை எழுதி, பாடம் நடத்துகிறவருக்கு அனுப்புங்கள். வட்ஸ்அப்பில் ஒரு படம் எடுத்து அனுப்பினாலும் போதும்.

ஓர் உதாரணம்

மரக்கறிச் செய்கை படிக்கும் 24 பேர் கொண்ட குழு ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். கூட்டத்துக்கு 20 பேர் வருகிறார்கள். மொத்தம் 60 விதைகள். முடிவு இப்படி வருகிறது:

வீடியோ நீளம், டேட்டா தீர்ந்துவிடுகிறது – 19
வேகமாகப் பேசுகிறார், சில சொற்கள் விளங்கவில்லை – 14
கொழுந்து நிறுத்து வீடு வருமுன் பாடம் தொடங்கிவிடுகிறது – 12
உரம் விலை அதிகம், கூட்டெரு செய்யக் கற்றுத் தாருங்கள் – 11
சரிவு நிலத்தில் குழியும் கானும் எப்படி வெட்டுவது? – 4

இந்த வரிசை பாடம் நடத்துகிறவருக்கு உடனே வழிகாட்டுகிறது. முதல் குறைக்கு மருந்து எளிது: நீண்ட வீடியோவைச் சிறு துண்டுகளாக்கலாம், அல்லது குரல் பதிவாக அனுப்பலாம். தமிழ்நாட்டில் தேனி மாவட்டத்தில் 'விடியல்' என்ற அமைப்பைச் சேர்ந்த சுமார் 300 பெண்கள் வங்கிக் கடனில் ஆடுகளோடு கைத்தொலைபேசியும் வாங்கினார்கள். ஆடு வளர்ப்புப் பாடம் அவர்களுக்குச் சிறிய குரல் செய்திகளாக வந்தது. பொதுநலவாயக் கற்றல் நிறுவனம் நடத்திய 'உழவருக்கு வாழ்நாள் கல்வி' என்ற திட்டத்தின் கீழ் நடந்த வேலை இது. ஆட்டை மேய்த்துக்கொண்டே கேட்கக்கூடிய பாடம் அது. கற்பவரின் நாளும் வேலையும் எப்படிப் போகிறது என்று தெரிந்தால்தான் இப்படிப்பட்ட பாடத்தை அமைக்க முடியும்.

ஆனால் வரிசையின் மேற்பகுதியை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. வாக்கு நம்மை ஏமாற்றக்கூடிய இடங்கள் நான்கு உண்டு.

முதலாவது: முந்திய வாக்கு பிந்திய வாக்கை இழுக்கும்

லெவ் முச்னிக், சினான் ஆரல், ஷோன் டெய்லர் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2013இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இணையத்தில் மக்கள் எழுதிய கருத்துகளில் சிலவற்றுக்கு, எழுதியவுடனேயே அவர்களாக ஒரு சாதக வாக்கைப் போட்டுவைத்தார்கள். அடுத்து வந்தவர் சாதகமாக வாக்கிடும் வாய்ப்பு அதனால் 32 சதவீதம் கூடியது. இறுதி மதிப்பும் சராசரியாக 25 சதவீதம் உயர்ந்தது. கருத்து அதேதான். முன்னால் ஒரு வாக்கு இருந்ததே வித்தியாசம்.

தோட்டத்தில் இது நமக்குப் புதிதா? கூட்டத்தில் தலைவர் முதலில் கைதூக்கினால் மற்றக் கைகளும் தானே உயருகின்றன. ஆகவேதான் கைதூக்குவதை விட்டு மறைவில் விதை போடச் சொல்லுகிறோம். தலைவரும் பயிற்சியாளரும் கடைசியில் போடட்டும்.

இரண்டாவது: சிறு எண்ணிக்கை பெரிதாகத் தோன்றும்

காளான் வளர்ப்புப் பாடத்தைப் பார்த்த 3 பேரும் "பயன்பட்டது" என்கிறார்கள். அது 100 சதவீதம். கூட்டெருப் பாடத்தைப் பார்த்த 20 பேரில் 18 பேர் அப்படிச் சொல்லுகிறார்கள். அது 90 சதவீதம். காளான் பாடம் சிறந்தது என்று முடிவு செய்யலாமா? நாலாவதாகப் பார்ப்பவர் "இல்லை" என்றால் 100 என்பது 75 ஆகிவிடும். கூட்டெருப் பாடத்துக்கு இன்னும் ஒருவர் "இல்லை" என்றாலும் 90 என்பது 86க்குச் சற்றுக் கீழேதான் இறங்கும்.

எட்வின் வில்சன் என்ற அமெரிக்க அறிஞர் 1927இல் இதற்கு ஒரு கணக்கு முறையைத் தந்தார். "குறைந்தபட்சம் இவ்வளவாவது இருக்கும்" என்று நம்பத்தக்க கீழ் எல்லையை அது காட்டும். 95 சதவீத உறுதியோடு பார்த்தால், காளான் பாடத்தின் கீழ் எல்லை சுமார் 44 சதவீதம், கூட்டெருப் பாடத்துடையது சுமார் 70 சதவீதம். இணையத்தில் வாக்குகளை வரிசைப்படுத்தவும் இம்முறை பயன்படுகிறது. நாம் இந்தக் கணக்கைப் போட வேண்டியதில்லை. எத்தனை சதவீதம் என்று சொல்லும்போதெல்லாம் எத்தனை பேரில் என்றும் சேர்த்து எழுதினால் போதும்.

மூன்றாவது: வராதவருக்கு வாக்கில்லை

2012இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் மின்சுற்றுகள் பற்றிய தனது முதலாவது பெரிய இணையவழிப் பாடநெறியை நடத்தியது. பதிவு செய்தவர்கள் 154,763 பேர். சான்றிதழ் பெற்றவர்கள் 7,157 பேர். நூற்றுக்கு ஐந்து பேர் கூட இல்லை. முடித்தவர்களிடம் மட்டும் கருத்துக் கேட்டால் பாடம் நன்று என்றே பதில் வரும். பாடம் யாருக்குப் பொருந்தவில்லையோ அவர்கள் போய்விட்டார்கள்.

நம் உதாரணத்தில் 4 பேர் கூட்டத்துக்கு வரவில்லை. ஏன்? வீட்டில் இருக்கும் ஒரே கைத்தொலைபேசியைப் பிள்ளை படிக்க எடுத்திருக்கலாம். இருட்டிய பின் வர வழி இல்லாதிருக்கலாம். ரீலோட் போடக் காசு இல்லாதிருக்கலாம். இவர்களில் ஒவ்வொருவர் வீட்டுக்கும் குழுவிலிருந்து ஒருவர் மூன்று விதையோடு போய் வரட்டும். அந்த விதைகளையும் சேர்த்த பிறகே எண்ணிக்கை முடிந்ததாகும்.

நான்காவது: ஆபத்து வரிசையில் நிற்காது

இப்போது கடைசிச் சிரட்டையைப் பாருங்கள். அதில் 4 விதை. மண்சரிவுக்குப் பின் புதிய இடத்தில் குடியேறிய 4 குடும்பங்கள் போட்டவை அவை என்று வைத்துக்கொள்வோம். மற்ற 16 பேர் பழைய தோட்டக்காரர்கள், அவர்களுடைய நிலம் மட்டமானது. அவர்களுக்கு அந்தக் கேள்வி எழவே இல்லை. எத்தனை முறை வாக்கெடுத்தாலும் இந்த 4 குடும்பங்களும் கடைசியில்தான் நிற்பார்கள்.

ஆனால் டேட்டா தீர்ந்தால் ஒரு பாடம் போகும். சரிவில் பிழையாகக் குழி வெட்டி மழைநீரைத் தேக்கினால் நீர் மண்ணுக்குள் இறங்கி, மண்ணின் பிடி தளர்ந்து, சரிவே பெயர்ந்து வரலாம். 19 விதையும் 4 விதையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடியவை இல்லை.

ஆகவே இரண்டு விதிகளைக் கடைப்பிடியுங்கள். ஒன்று, புதிதாகக் குடியேறியவர்களுக்குச் சோளமும் மற்றவர்களுக்கு அவரை விதையும் கொடுங்கள். பெண்கள், ஆண்கள் என்றும் இப்படிப் பிரிக்கலாம். எண்ணும்போது யாருடைய தேவை எது என்பது தனியாகத் தெரியும். 4 பேரில் 4 பேரும் கேட்டது என்று எழுதும்போது அது சிறிய தேவையாகத் தோன்றாது. மற்றது, உயிருக்கோ நிலத்துக்கோ ஆபத்துள்ள எதையும் வாக்குக்கு விடாதீர்கள். ஒருவர் சொன்னாலும் அன்றே மேலே அனுப்புங்கள். பயிர் பற்றியதானால் விவசாயப் போதனாசிரியரிடமும், விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்திலும் கேட்கலாம். நிலத்தில் வெடிப்பு, மரங்கள் சாய்தல், திடீரெனக் கலங்கல் ஊற்று என்பன கண்டால் அந்த இடத்தை விட்டு விலகி, கிராம உத்தியோகத்தருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் அறிவியுங்கள். சரிவு பாதுகாப்பானதா என்று ஆராய்ந்து சொல்லும் பொறுப்பு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு உரியது.

பதில் வர வேண்டும்

வாக்கிட்டோம், எண்ணினோம், அனுப்பினோம். பிறகு ஒரு செய்தியும் வராவிட்டால் அடுத்த முறை யாரும் விதையைத் தொட மாட்டார்கள். ஆகவே பதிலைக் கேட்டு வாங்குங்கள். எதைத் திருத்தினார்கள், எதை அடுத்த மாதத்துக்கு வைத்தார்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்ற நான்குக்கும் பதில் இருக்க வேண்டும். "முடியாது" என்பதும் காரணத்தோடு வந்தால் நல்ல பதிலே.

திருத்திய பாடம் பலன் தந்ததா என்பதை வாக்கால் மட்டும் அறிய முடியாது. இந்தியாவில் 2008 முதல் தனி நிறுவனமாக இயங்கிவரும் 'டிஜிட்டல் கிரீன்', விவசாயிகளைக் கொண்டே எடுத்த சிறு படங்களைக் கிராமங்களில் காட்டியது. படம் பார்த்தவர்கள் கேட்ட கேள்விகளையும், பின்னர் யார் அதைத் தம் வயலில் செய்து பார்த்தார்கள் என்பதையும் குறித்துவைத்து, அடுத்த படங்களுக்குப் பயன்படுத்தியது. நாமும் அப்படிச் செய்யலாம். பாடம் பிடித்தது என்று 18 பேர் சொன்ன கூட்டெருவை எத்தனை வீட்டுப் பின்புறத்தில் காணலாம் என்று ஒரு மாதம் கழித்து நடந்து பார்த்து எண்ணுங்கள்.

குறை சொல்வது நன்றி கெட்ட செயல் என்று நம்மில் பலர் வளர்க்கப்பட்டிருக்கிறோம். குறையைச் சேர்ந்து சொல்லி, எண்ணிக் காட்டி, திருத்த உதவுவது, பாடம் நடத்துகிறவருக்கு நாம் செய்யும் உபகாரமாகும். நமக்குப் பின் படிக்க வரும் குடும்பத்துக்கும் அது உபகாரமே.

குழுவில் கலந்துரையாட

1. நீங்கள் கடைசியாகப் படித்த பாடநெறியில் விளங்காத ஒன்றைச் சொல்லாமல் விட்டீர்களா? ஏன்?
2. உங்கள் குழுவில் பாதியில் நின்றவர்கள் யார்? அவர்களிடம் காரணம் கேட்டது யார்?
3. உங்கள் ஊரில் எப்போதும் கடைசியில் நிற்கும் தேவை எது? அது யாருடையது?
4. அடுத்த கூட்டத்தில் விதை போட்டுப் பாருங்கள். முதல் மூன்று கருத்துகளையும், ஒருவர் மட்டும் சொன்ன ஆபத்து ஏதும் இருந்தால் அதையும், எழுதி அனுப்புங்கள்.