சிசுவின் முதல் மூச்சுக்குத் துணைபுரியும் கருவிகள்

சிங்கப்பூரில் வாழும் உறவினரைக் காணச் செல்லும் தோட்டத்து மக்கள் தேக்காச் சந்தையை நன்கு அறிவர். அதற்கு அண்மையில் உள்ளது கே.கே. மகளிர், சிறார் மருத்துவமனை. 'கண்டாங் கெர்பாவ்' என்னும் அதன் மலாய்ப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்பது பொருள். 1997-இல் இப்போதைய கட்டடத்திற்கு மாறிய இம்மருத்துவமனை, 1924 முதலே பிரசவத்திற்குப் பெயர் பெற்றது. 1966-ஆம் ஆண்டில் மட்டும் இங்கு 39,835 குழந்தைகள் பிறந்தன. நாளொன்றுக்குச் சராசரி 109!

பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு மூன்று முதல் ஆறு வரை, உடலைத் துடைத்து முதுகைத் தடவிய பின்னரும் மூச்சு விடுவதில்லை. முதல் நிமிடத்திற்குள் முகமூடி வழியாக அவற்றின் நுரையீரலுக்குக் காற்றைச் செலுத்துதல் வேண்டும். இதற்கு மூவகைக் கருவிகள் உள்ளன.

முதலாவது, தானே உப்பும் பை. டென்மார்க்கில் ஹென்னிங் ரூபன், ஹோல்கர் ஹெஸ்ஸே ஆகிய இருவரும் உருவாக்கி, 1956-இல் வழக்கிற்கு வந்தது இது. அழுத்தினால் காற்று சிசுவிற்குச் செல்லும். கையைத் தளர்த்தினால் பை வெளிக்காற்றை இழுத்துத் தானே நிமிரும். மின்சாரமோ வாயு உருளையோ தேவையில்லை. முற்காலத்தில் இப்பைகள் ரப்பராலும் செய்யப்பட்டன. நமது பால்மரத்திற்கும் இதில் பங்குண்டு எனலாம். இன்று சிலிக்கோனே மிகுதி.

ஆயினும், அழுத்தம் அழுத்துபவரின் கையைப் பொறுத்தே அமைகிறது. மூன்று கிலோ எடையுள்ள சிசுவின் ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ 15 மில்லி லிட்டர், அதாவது மூன்று தேக்கரண்டி அளவு காற்றே போதும். பையிலோ அதைப்போல் பன்மடங்கு அடங்கும். மிகையாக அழுத்தினால் மென்மையான நுரையீரல் காயமுறும். மார்பு மெல்ல உயரும் அளவே கணக்கு. நிமிடத்திற்கு 40 முதல் 60 முறை.

இரண்டாவது, உருளையிலிருந்து வரும் வாயுவால் உப்பும் பை. இதனைக் கையாளத் தேர்ந்த பயிற்சி வேண்டும்.

மூன்றாவது, டி வடிவக் குழாய்க் கருவி. அழுத்தத்தை முன்கூட்டியே அமைத்துவிட்டு, துளையை விரலால் மூடித் திறந்தால் ஒவ்வொரு மூச்சும் ஒரே சீராகச் செல்லும். மூச்சு விட்ட பின்னரும் நுரையீரல் முற்றாகச் சுருங்காமல் காக்கும். 2014-இல் வெளியான, ஐந்து நாடுகளைச் சேர்ந்த 1,027 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், இரண்டாம் நிமிட இதயத் துடிப்பில் இதற்கும் பைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. எனினும், தொண்டையில் குழாய் செருகும் தேவை டி கருவியால் குறைந்தது. வசதியுள்ள இடங்களில் அதையே வல்லுநர் பரிந்துரைக்கின்றனர். வாயு தீர்ந்தால் அது பயனற்றதாகிவிடும். ஆகவே அதன் அருகிலும் ஒரு பை ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பது விதி.

தோட்டத்து மருந்தகத்திற்கும் நெடுந்தொலைவு செல்லும் அவசர ஊர்திக்கும் பையே ஏற்றது என்பது நமது கருத்து. பயிற்சி பெற்ற தாதியரே இதனைக் கையாளலாம். பிரசவத்திற்கு முன் அவர்கள் பையின் வாயை உள்ளங்கையால் அடைத்து அழுத்திப் பார்ப்பர். காப்பு வால்வு சீறித் திறந்து, கையை எடுத்தவுடன் பை நிமிர்ந்தால் அது நல்ல நிலையில் உள்ளது.