மாளிகைமேடு

அரியலூர் மாவட்டத்தில், செயங்கொண்டத்திற்கு அருகே, கங்கைகொண்ட சோழபுரம் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள பெருங்கோவிலைக் காணச் செல்வோர் அதன் விமானத்தின் உயர்வையும் சிற்பங்களின் எழிலையும் வியந்து மீள்வர். அக்கோவிலுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவில் ஒரு மண்மேடு கிடப்பதை அவருள் சிலரே அறிவர். மாளிகைமேடு என்பது அதன் பெயர். சோழப் பேரரசர் வீற்றிருந்த அரண்மனை நின்ற இடம் அதுவே.

முதலாம் இராசேந்திரன் கி.பி. 1012 முதல் 1044 வரை ஆட்சி புரிந்தவன். அவன் படை வடநாடு சென்று கங்கை நீரைக் கொணர்ந்தது. அவ்வெற்றியின் நினைவாக அவன் இந்நகரை அமைத்துத் தஞ்சையினின்றும் தலைநகரை இங்கு மாற்றினான். சோழகங்கம் என்னும் பேரேரியையும் வெட்டுவித்தான். நீராலாகிய வெற்றித்தூண் என்று அவ்வேரியைத் திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றுகின்றது. ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் இந்நகர் சோழர் தலைநகராய் விளங்கியது.

அரண்மனையைச் சூழ்ந்து கோட்டை மதில் இருந்தது. இரு செங்கற் சுவர்களை எழுப்பி, இடைவெளியை மணலால் நிரப்பி அதனைக் கட்டியிருந்தனர். மதிலுக்கு வாயில்கள் பல. தெற்கே வேம்புக்குடி நோக்கிய வாயில் வேம்புக்குடி வாயில் எனப்பட்டது. அரண்மனைப் பகுதிகளுள் ஒன்று சோழகேரளன் மாளிகை என்று பெயர் பெற்றிருந்தது. இவையெல்லாம் கல்வெட்டுக்களால் விளங்குவன.

மதில் மறைந்தது; மாளிகையும் மறைந்தது. எனினும் ஊர்ப்பெயர்கள் மறைந்தில. மேட்டை அடுத்த சிற்றூர் இன்றும் உள்கோட்டை எனவே வழங்குகின்றது. படைக்கலங்களை நினைவூட்டுவது ஆயுதக்களம். மன்னனின் மெய்காப்பாளரை நினைவூட்டுவது மெய்க்காவல்புத்தூர். கட்டடத் தொழிலை நினைவூட்டுவது சுண்ணாம்புக்குழி. ஏர் பூட்டிச் செல்லும் உழவர் நாள்தோறும் வழங்கும் இப்பெயர்களில் ஒரு தலைநகரின் அமைப்பே அடங்கிக் கிடக்கின்றது.

தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறையினர் 1980ஆம் ஆண்டை ஒட்டி இம்மேட்டை அகழத் தொடங்கினர். 2021ஆம் ஆண்டு முதல் மீண்டும் அகழ்ந்தனர். செங்கற் சுவர்களின் அடிப்பகுதிகள் வெளிப்பட்டன. மரத்தூண்களைத் தாங்கிய கருங்கற் பீடங்கள் சில, வைத்த இடத்திலேயே இருந்தன. கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் மிகுதியாகக் கிடைத்தன. சீன நாட்டுப் பீங்கான் ஓடுகளும் கிடைத்தன. கடல் கடந்த வாணிகத்திற்கு அவை சான்றாவன.

கோவில் நிற்க, அரண்மனை அழிந்தது ஏன்? இறைவனுக்குரிய இல்லத்தைக் கல்லால் எடுத்த வேந்தர், தாம் வாழும் இல்லத்தைச் செங்கல்லாலும் மரத்தாலுமே அமைத்தனர். கி.பி. 1279ஐ ஒட்டிச் சோழராட்சி முடிவுற்றது. காப்பார் இல்லாத மாளிகை சிதைந்தது. மரம் மக்கியது, செங்கற்களைப் பிற்காலத்தார் பெயர்த்துத் தம் தேவைக்கு எடுத்துச் சென்றனர்.

கல்லால் அமைந்த கோவிலும் முற்றும் தப்பவில்லை. 1836ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டிய ஆங்கில ஆட்சியினர், கோவிலின் சுற்றுமதிலைத் தகர்த்துக் கற்களைக் கொண்டு சென்றனர். அதனைத் தடுக்க முயன்ற ஏழை மக்கள் தண்டிக்கப்பட்டனர். கல் மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகக் கூறிய உறுதிமொழியும் காற்றில் போயிற்று. அன்று அவர்கள் காக்க முயன்ற அக்கோவிலே 2004இல் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது.

ஒரு செங்கல்லின் விலை சிறிது. ஆயின் அது கிடந்த இடமும், கிடந்த நிலையும் பழம்பொருளாய்வாளர்க்கு விலைமதிப்பற்றவை. இடம் பெயர்த்த கல் பேசாது. ஆதலின் மண்மேட்டில் பழம்பொருள் ஒன்றைக் காண்பவர், அதனை எடுத்துச் செல்லாது உரிய அலுவலருக்கு அறிவித்தலே கடமையாகும். எழுத்தறியாத முன்னோர் ஊர்ப்பெயர்களைக் காத்துத் தந்தனர். எழுத்தறிந்த இளைஞர் எஞ்சிய சுவர்களைக் காத்தல் வேண்டும்.