கார்ட் செத்தாலும் கேம் சாகக்கூடாது

கையடக்கக் கேம் கருவி ஒன்றை வாங்குகிறவர் திரையைப் பார்ப்பார், பொத்தான்களை அழுத்திப் பார்ப்பார், பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்பார். உள்ளே செருகியிருக்கும் மெமரி கார்டைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. ஆர்36எஸ் போன்ற கருவிகளில் இயங்குதளம், கேம்கள், நாம் விளையாடி எட்டிய கட்டங்கள் எல்லாமே அந்த நகத்தளவு கார்டில்தான் இருக்கின்றன. அதைக் கழற்றிவிட்டால் கருவியால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே கேம்களை அள்ளிப்போட்டு நிரப்புவதைக் கார்ட் தயாரிப்பு என்று நான் கொள்வதில்லை. எந்தக் கார்டும் ஒருநாள் செத்துப்போகும். அன்றைக்கு வீட்டில் இருப்பதை வைத்தே, இணையத்தை நாடாமல், இன்னொரு கார்டை அதே நிலைக்குக் கொண்டுவர முடிய வேண்டும். அதற்கான ஏற்பாடுதான் தயாரிப்பு. பசறைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். கருவியை ஒன்லைனில் எடுப்பித்துவிடலாம். ஆனால் கார்ட் பழுதானால் நல்ல கணினிக் கடை தேடிப் பதுளைக்குத்தான் பஸ் ஏற வேண்டும். கோணக்கலை, மடுல்சீமைத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு அந்தப் பயணம் இன்னும் நீளம். பல ஜிகாபைட் கோப்பைத் திரும்ப இறக்கினால் அந்த மாத டேட்டா அதிலேயே தீர்ந்துவிடும்.

கருவியோடு வந்த கார்ட் நன்றாகத்தானே ஓடுகிறது, அதை ஏன் தொட வேண்டும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இன்று ஓடுவது வேறு, நம்பி வைக்கத்தக்கதாக இருப்பது வேறு. மலிவான கருவிகளோடு பெரும்பாலும் பெயரே அச்சிடாத கார்டுகள் வருகின்றன. விலையைக் குறைக்க நினைக்கும் விற்பனையாளருக்கு, வாங்குபவர் கவனிக்காத பாகத்தில் கைவைப்பதுதான் சுலபம். மெமரி கார்ட் தகவலை நுண்ணிய அறைகளில் மின்னேற்றமாகப் பிடித்து வைக்கிறது. ஒவ்வோர் அறையையும் அழித்து எழுதுவதற்கு ஓர் எல்லை உண்டு. தேய்ந்த அறைகளை ஒதுக்கி நல்ல அறைகளுக்கு வேலையை மாற்றிக் கொடுப்பது உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு. தரம் குறைந்த கார்டில் அறைகளும் பலவீனம், சில்லும் பலவீனம். பழைய ஹார்ட் டிஸ்க் சாகுமுன் சத்தம் போட்டாவது எச்சரிக்கும். கார்டுக்கு அந்தப் பழக்கம் இல்லை. கேம் பட்டியல் திறக்கத் தாமதமாவது, சேமித்த இடம் காணாமல்போவது, தொடக்கச் சின்னத்திலேயே திரை நின்றுவிடுவது போன்ற குறிகள் சில வேளை தெரியும். பல வேளை அவையும் தெரியாமல் ஒரேயடியாகப் போய்விடும்.

அதனால் கருவி கைக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, விளையாடுவதற்கும் முன், அந்தக் கார்டை முழுதாகப் பிரதி எடுப்பது. கோப்புகளை மட்டும் இழுத்துப் போட்டால் போதாது. இயங்குதளம் இருக்கும் லினக்ஸ் பகுதிகள் விண்டோஸ் கணினியின் கண்ணில் படாததால் அவை விடுபட்டுப்போகும். வின்32 டிஸ்க் இமேஜர் போன்ற மென்பொருளால் கார்ட் முழுவதையும் ஒரே இமேஜ் கோப்பாக வாசித்து வைக்க வேண்டும். ஆர்36எஸ் வைத்திருப்பவர்கள் இதில் ஒரு நுணுக்கத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வெளியில் ஒன்றுபோல் தோன்றினாலும் இந்தக் கருவிகளுக்குள் வெவ்வேறு வகைத் திரைகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. உங்கள் திரை எது என்பதை இயங்குதளத்துக்குச் சொல்வது, தொடக்கப் பகுதியில் இருக்கும் டிடிபி என்ற பின்னொட்டுடைய சிறு கோப்பு. புதுக் கார்டில் ஆர்க்ஓஎஸ் என்ற இயங்குதளத்தை எழுதிப் பொருந்தாத டிடிபியோடு இயக்கினால் திரை கறுப்பாகவே நிற்கும். கருவி பழுது என்று எண்ணி மனம் உடைந்துபோவோம். பழைய கார்டின் தொடக்கப் பகுதியிலிருந்து அந்தக் கோப்புகளை முன்கூட்டியே தனியாக எடுத்து வைத்திருந்தால், புதுக் கார்டில் அவற்றைப் போட்டதும் பெரும்பாலும் படம் வந்துவிடும். தேயிலை நாற்றுமேடைக்குத் தாய்ச்செடி எப்படியோ, கார்ட் தயாரிப்புக்கு இந்த முதற்பிரதி அப்படி.

அடுத்தது புதுக் கார்ட். இங்கே செலவைப் பற்றிய மறுப்பு எழும், அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. தோட்டத் தொழிலாளருக்கு 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தை வைத்துப் பார்த்தால், பெயர்பெற்ற கம்பனியின் 64 ஜிகாபைட் கார்டுக்கு ஒரு நாளுக்கும் மேல் கொழுந்து பறிக்க வேண்டியிருக்கும். அதனால்தான் பெரிய கார்ட் வேண்டாம் என்கிறேன். கணக்கைப் பாருங்கள். சூப்பர் மரியோ பிரதர்ஸ் கேமின் அளவு வெறும் 40 கிலோபைட். கேம்பாய் அட்வான்ஸ் கேம் ஒன்று பொதுவாக 32 மெகாபைட்டைத் தாண்டாது. இடத்தைத் தின்பது பிளேஸ்டேஷன் வட்டுகள். ஒன்று கிட்டத்தட்ட 700 மெகாபைட் வரை போகும். அவற்றையும் சிஎச்டி என்ற சுருக்க வடிவத்துக்கு மாற்றினால் பெரும்பாலானவை நன்றாகச் சுருங்கும். பல துண்டுகளாகக் கிடக்கும் கோப்புகள் ஒன்றாகவும் ஆகிவிடும். சராசரி 500 மெகாபைட் என்று வைத்தாலும் 50 பிளேஸ்டேஷன் கேம்களுக்கு 25 ஜிகாபைட் போதும். அதோடு 16 மெகாபைட் அளவில் 100 அட்வான்ஸ் கேம்களைச் சேர்த்தால் இன்னும் 1.6 ஜிகாபைட். ஒருவர் வருடக்கணக்கில் விளையாடினாலும் முடிக்காத தொகுப்பு 30 ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. 256 ஜிகாபைட்டுக்குக் கொடுக்கும் காசில் இரண்டு சிறிய கார்டுகள் வாங்கி, ஒன்றைக் கருவியிலும் மற்றதைப் பெட்டியிலும் வைப்பதே சிக்கனம். கார்டில் பெரிதாக அச்சிட்ட வேக எண்ணைப் பார்த்தும் மயங்க வேண்டாம். இந்தக் கருவிகளுக்கு ஏ1 என்ற குறி இருந்தால் தாராளம்.

வாங்கிய கார்டை உடனே நம்பிவிடவும் கூடாது. உதாரணமாக, ஒரு போலிக் கார்டில் உண்மையில் 8 ஜிகாபைட்தான் இருக்கும். கட்டுப்பாட்டுச் சில்லு மட்டும் 128 என்று கணினிக்குச் சொல்லும். முதல் 8 ஜிகாபைட் ஒழுங்காக எழுதப்படும். அதற்கு மேல் போட்ட கோப்புகளின் பெயர்கள் தெரியும், உள்ளே எதுவும் இருக்காது. இதைக் கண்டுபிடிக்க எச்2டெஸ்ட்டபிள்யு என்ற இலவச மென்பொருள் உண்டு, லினக்ஸில் எஃப்3. கார்ட் நிறையும்வரை தெரிந்த தரவை எழுதி, பிறகு அதே தரவு திரும்ப வருகிறதா என்று வாசித்துப் பார்ப்பதே இவற்றின் வேலை. செக்கனுக்கு 20 மெகாபைட் எழுதும் 64 ஜிகாபைட் கார்டுக்கு எழுத மட்டும் ஒரு மணித்தியாலம் அளவில் ஆகும். பொறுமையோடு செய்யுங்கள்; திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் தெரிந்தால்தான் காசு திரும்பும். 64 ஜிகாபைட் கார்டைக் கணினி 59.6 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். அது கணக்கிடும் முறையின் வேறுபாடு, போலியின் அடையாளம் அல்ல.

சோதனையில் தேறிய கார்டில் இயங்குதளத்தின் இமேஜை ரூஃபஸ் அல்லது பலீனா எட்சர் கொண்டு எழுதலாம். எழுதி முடிந்ததும் விண்டோஸ் ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டிகளைத் திறந்து, இந்த டிஸ்கை ஃபோர்மட் செய்ய வேண்டுமா என்று கேட்கும். அதற்கு வாசிக்கத் தெரியாத லினக்ஸ் பகுதிகளைத்தான் அது பழுது என்று நினைக்கிறது. சம்மதித்தால் எழுதிய அத்தனையும் போய்விடும்; எல்லாப் பெட்டிகளையும் மூடிவிடுங்கள். கருவியில் கார்ட் செருகும் துளைகள் இரண்டு இருந்தால் இயங்குதளத்தை ஒரு கார்டிலும் கேம்களை மற்றதிலும் பிரித்து வையுங்கள். இயங்குதளக் கார்ட் செத்தால் முதற்பிரதியிலிருந்து எழுதிக்கொள்ளலாம், கேம்களுக்குச் சேதமில்லை. மியூ மினி பிளஸ் போன்ற ஒற்றைத் துளைக் கருவிக்கு ஆனியன்ஓஎஸ் என்ற இயங்குதளத்தைப் போடுவதானால் கார்ட் ஃபேட்32 என்ற கோப்புமுறையில் இருக்க வேண்டும். விண்டோஸின் வழக்கமான ஃபோர்மட் பெட்டி 32 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கார்டுகளுக்கு அந்தத் தெரிவை நெடுங்காலமாகத் தருவதில்லை. ரூஃபஸ் அதையும் செய்து தரும்.

பசறையில் எத்தனை வீடுகளில் கணினி இருக்கிறது என்று ஒருவர் கேட்கலாம். கணினி தேவைப்படுவது ஆரம்ப வேலைக்குத்தான். இமேஜ் எடுப்பது, சோதிப்பது, எழுதுவது மூன்றையும் ஒரே அமர்வில் முடிக்கலாம். நண்பர் வீட்டு மடிக்கணினி போதும். மேசைக்கணினியைவிட மடிக்கணினியை நான் விரும்புவதற்குக் காரணம் உண்டு. ஃபேட்32, எக்ஸ்ஃபேட் ஆகிய இரண்டு கோப்புமுறைகளும், எழுதும் வேலை பாதியில் நின்றால் அதை நினைவில் வைத்துத் தானே சீர்செய்யும் குறிப்பேடு இல்லாதவை. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டைப் பார்த்த நாடு இது. மலைநாட்டில் காற்றோடு மழை பெய்தாலே கரண்ட் போவதும் உண்டு. பிரதி பண்ணும் நடுவில் மேசைக்கணினி அணைந்தால் கோப்புமுறை குழம்பிவிடும். மடிக்கணினியின் பேட்டரி அந்த ஆபத்தைத் தாண்ட வைக்கும். இதே காரணத்தால் கருவியைப் பொத்தானால் வெட்டென்று அணைக்காமல், மெனுவில் உள்ள கட்டளையால் மூட வேண்டும். கார்டைக் கணினியிலிருந்து கழற்றும்போதும் முதலில் இஜெக்ட் கொடுக்க வேண்டும்.

பத்தாயிரம் கேம்களோடு வரும் கார்டை விட்டுவிட்டு நூறு கேம்களை ஏன் தெரிவு செய்ய வேண்டும்? முதற்காரணம் சட்டம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளையும் பாதுகாக்கிறது. பதிப்புரிமை தசாப்தக்கணக்கில் நீள்வது. 1985இல் வந்த கேமும் இன்னும் உரிமையாளருடையதே. கார்டில் அடைத்து விற்றதால் அது நமக்குச் சொந்தமாகிவிடாது. தாம் வாங்கிய கேம்களையும், டைசுகே அமாயா 2004இல் இலவசமாக வெளியிட்ட கேவ் ஸ்டோரி போன்றவற்றையும், ஆர்வலர்கள் இன்றும் உருவாக்கிப் பகிரும் புதிய கேம்களையும் கொண்டே நல்ல தொகுப்பு அமைக்கலாம். இரண்டாவது காரணம் என் வாதத்தோடு நேராகச் சேருகிறது: உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த கார்டைத்தான் திரும்பக் கட்ட முடியும். பத்தாயிரத்தில் எது ஓடும், எது பழுது, எது மூன்று தடவை திரும்பி வந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஒரு விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு பாடா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது. மேலே சொன்ன வேலைகளில் பெரும்பாலானவை ஒரு தடவை செய்பவை. அவற்றைச் செய்யும் பிள்ளை, சாதாரண தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்தில் வரும் சேமிப்பகம், கோப்புமுறை, காப்புப்பிரதி ஆகியவற்றைக் கையால் தொட்டுக் கற்கிறது. அம்மாவின் போனில் உள்ள குடும்பப் படங்களைக் காப்பதற்கும் அதே ஒழுங்குதான் உதவும். தொடர்ந்து செய்ய வேண்டியதோ மிகச் சிறிது: விளையாடிச் சேமித்தவற்றைப் பிரதி எடுத்து வைப்பது. கேமைத் தேடி எடுக்கலாம், கார்டைக் காசுக்கு வாங்கலாம். மாதக்கணக்கில் விளையாடி எட்டிய இடத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அப்படி ஈடில்லாத பொருள்தான் கார்டிலேயே ஆகச் சிறியது. பழைய பிளேஸ்டேஷன் மெமரி கார்ட் முழுவதும் 128 கிலோபைட்தான். ஆர்க்ஓஎஸ்ஸில் சேமிப்புகள் கேம் இருக்கும் கோப்புறையிலேயே எஸ்ஆர்எம் என்ற பின்னொட்டோடு கிடக்கும்; ஆனியன்ஓஎஸ்ஸில் சேவ்ஸ் என்ற கோப்புறையில் இருக்கும். கார்ட் ரீடரைப் போனில் மாட்டி அவற்றைப் பிரதி எடுக்கச் சில நிமிடங்கள் போதும், டேட்டாவும் செலவில்லை. மற்ற எல்லாவற்றையும் தள்ளிப்போட்டாலும் இதை ஒவ்வொரு மாதமும் செய்யுங்கள். இதை மட்டும் விடாமல் செய்கிறவர் கார்ட் தயாரிப்பில் பாதியைக் கடந்துவிட்டார்.